தூசி பறக்காத மணல்

அத்தியாயம் ஆறு

ஜைனப் உட்காரவில்லை. துப்பறிவாளர் லாசரஸின் அலுவலகத்தில் நல்ல நாற்காலி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய உதவியாளர் நிரஞ்சனா அதைத் துடைத்து, நகர்த்திப் போட்டு, காற்றாடியையும் அவள் பக்கம் திருப்பிவிட்டுப் பார்த்தாள். ஊஹூம். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே பேசினாள் அந்தப் பெண்.

"என் வாப்பாவ நான் சாகவிடலன்னு நிரூபிக்க முடியுமா சார்? முடியலன்னா, நான்தான் சாகவிட்டேன்னாவது உறுதியா சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்."

லாசரஸ் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருடம் போலீஸில் இருந்தவர். சிங்கப்பூரின் கேம்பல் லேனில் பூமாலைக் கடைக்கு மேலே இந்த அறையைப் பிடித்து ஏழு வருடம். இப்படிக் கேட்டு வந்த ஆள் இதுவரை இல்லை. வந்தவர்கள் எல்லாரும் தாங்கள் சொக்கத்தங்கம் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா."

சொன்னாள். அப்பா முகமது யூசுப்புக்கு எழுபத்தெட்டு வயது. புக்கிட் பாத்தோக்கில் மகள், மருமகனோடு ஒரே வீட்டில் இருந்தவர். காலில் ஆறாத சர்க்கரைப் புண், நெஞ்சில் சளி. இரண்டு மாதமாகப் படுக்கை. மூச்சுக்கு ஆக்சிஜன் இயந்திரம். பதினோரு நாளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, அந்த இயந்திரத்தின் பிளக் சுவரிலிருந்து நழுவிவிட்டது. பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் ஒரு கையால் செருகியிருக்கலாம். ஆள் இல்லை.

"அன்னிக்குக் காலையிலேருந்து பாத்துக்கிட்டது என் வீட்டுக்காரர் அர்ஃபான். அவருக்கு ரெண்டாவது ஷிஃப்ட். நான் ஒண்ணு இருபதுக்கு வந்துடறேன்னு மெசேஜ் போட்டேன். அவர் ஒண்ணே காலுக்கு வாப்பாவ மத்தியான லுஹர் தொழ வச்சுட்டு, ஒண்ணு இருபத்தஞ்சுக்குக் கிளம்பிட்டார். நான் வர ரெண்டு அஞ்சு ஆயிடுச்சு."

"நாப்பது நிமிஷம். எங்க போனீங்க?"

"தேக்கா மார்க்கெட்ல இடியாப்பம் வாங்க வரிசையில நின்னேன். வாப்பா ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடல. இடியாப்பம்னா ரெண்டு வாயாவது..." கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள்.

டாக்டர் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் உயிர் போயிருக்கலாம் என்றார். ஆனால் ஒன்றே காலுக்கு அவர் தொழுதிருக்கிறார். படுக்கை அருகே தட்டு, தட்டில் மணல், மணலில் இரண்டு கை பதிந்த பள்ளம். தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்ன நோயாளி, தொழுவதற்கு முன் தண்ணீருக்குப் பதிலாக மண்ணில் கை தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வது தயம்மும். அந்தத் தட்டுதான் சாட்சி. ஒன்றே காலுக்கு இருந்த உயிர் ஜைனபின் நாற்பது நிமிடத்தில் போனது என்றுதான் எல்லாக் கணக்கும் முடிந்தது.

"எங்க அண்ணன் குடும்ப வாட்ஸ்அப்புல எழுதிட்டார் சார். இடியாப்பத்துக்கு வாப்பாவ வித்துட்டேன்னு. நான் வேலை செய்யற முதியோர் இல்லத்துல விசாரணை முடியறவரைக்கும் வரவேணாம்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை போலீஸ்ல மறுபடி வாக்குமூலம். என் கவனக்குறைவுதான்னு சொல்லிடலாம்னு இருக்கேன். சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை..."

"இன்னிக்கு புதன். ரெண்டு நாள் இருக்கு," என்றார் லாசரஸ், எழுந்துகொண்டே.

"எழுந்துட்டாரு பாருங்க," என்றாள் நிரஞ்சனா ஜைனபிடம். "பைபிள்ல லாசரஸ் செத்து நாலாம் நாள் எழுந்தாராம். எங்க பாஸ் ரெண்டு கோப்பிக்கே எழுந்துடுவார்லா. நல்ல சகுனம்."

ஜைனப் சிரிக்கவில்லை. நிரஞ்சனாவும் எதிர்பார்க்கவில்லை.

*

புக்கிட் பாத்தோக் வீட்டில் யூசுப்பின் அறை பூட்டிக் கிடந்தது. சாவி ஜைனபின் கழுத்துச் சங்கிலியில். அர்ஃபான் வேலைக்குப் போயிருந்தான். ஜூரோங் கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அடுத்தவன் கவனக்குறைவைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் அவன் சம்பளம்.

தட்டு அப்படியே இருந்தது. எவர்சில்வர் தட்டு, பளிச்சென்று வெள்ளை மணல், நடுவில் இரண்டு உள்ளங்கை.

"பதினோரு நாளா எடுக்காம வச்சிருக்கீங்களே?"

"வாப்பா கடைசியா தொட்டது," என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள் ஜைனப்.

லாசரஸ் குனிந்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். மணி மணியாக நகர்ந்தது. தூசி என்று ஒரு துளி பறக்கவில்லை. பிறகு கட்டிலின் விளிம்பைப் பார்த்தார். அங்கே விரல்கள் பிடித்த இடமெல்லாம் செம்மண் நிறத்தில் கறை. தலையணை உறை ஓரத்திலும் அதே நிறம். இரண்டு மாதம், தினம் ஐந்து வேளை, மண் தொட்ட கை படிந்த இடம்.

"நிரூ, இங்க என்ன தெரியுது?"

"கட்டில் சிவப்பு, தட்டு வெள்ளை. டிடர்ஜென்ட் விளம்பரம் மாதிரி, முன்னே, பின்னே."

"அதேதான்." லாசரஸ் ஜைனபிடம் திரும்பினார். "இந்தத் தட்டுல யார் கொட்டுவாங்க?"

"வழக்கமா நான்தான். அலமாரியில டின் இருக்கு. அஞ்சு வேளையும் கொட்டி, முடிஞ்சதும் திருப்பி அள்ளி வச்சிடுவேன். நான் இல்லாத நேரம் வாப்பாவே கைக்கெட்டற துணிப்பையிலேருந்து எடுத்துக்குவார். அன்னிக்கு... அவர் கொட்டினதா சொன்னார்."

அவர் என்றால் அர்ஃபான். அலமாரியில் இரண்டு பழைய பிஸ்கட் டின்கள். இரண்டிலும் ஒட்டிய காகிதத்தில் பேனாவால் எழுதிய எழுத்து. லாசரஸ் இரண்டையும் வாசித்தார். முகம் கறுத்தது. நிரஞ்சனா எட்டிப் பார்ப்பதற்குள் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டார்.

"என்ன பாஸ் எழுதியிருக்கு?"

"அப்புறம். இது ரெண்டு விதமாவும் அர்த்தமாகும். எந்த விதம்னு தெரியாம வாயத் திறக்கக் கூடாது. உங்க வாப்பா என்ன வேலை பார்த்தார்மா?"

"ஜூரோங்ல மணல் பார்ஜ் படகு வர்ற இடத்துல தரம் பார்க்கறது. நாப்பது வருஷம்."

*

ஜூரோங்கில் கான்கிரீட் ஆலை ஒன்றில் மணல் சோதிக்கும் மேக்ஸ்வெல், யூசுப்பிடம் வேலை பழகியவன். லாசரஸ் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்ததை இரண்டு விரலால் தேய்த்ததுமே சொல்லிவிட்டான்.

"கழுவின மணல்ணே. எங்க சாம்பிள் சரக்குதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யூசுப் அண்ணன் ரிட்டையரானப்புறமும் தேடி வந்து ஒரு டின் வாங்கிட்டுப் போனார். நல்லா அலசினதா குடுடான்னார்."

"எதுக்குன்னு கேக்கலயா?"

"அவர்கிட்ட எதிர்க்கேள்வி கேக்க முடியுமாண்ணே? மணலாவே பொறந்து மணலாவே வளர்ந்த மனுஷன்." மேக்ஸ்வெல் சல்லடையைத் தட்டினான். "வெளியிலேருந்து பாக்கறவனுக்கு எல்லாம் மணல். எங்களுக்கு இந்த அஞ்சு மில்லி சல்லடையில இறங்கணும். இறங்கலன்னா ஜல்லி. ரொம்ப நைசாப் போச்சுன்னா வண்டல், கழுவி வெளிய ஊத்து. கடலைத் தூர்க்கறவனோட காண்ட்ராக்டுல மணலுக்கு விளக்கமே வேற. ஒருதடவ 'இறக்கினது மணலா மண்ணா'ன்னு ஒரு கேஸ், மூணு நாள் ஓடிச்சு. அண்ணன்தான் சாட்சி. வக்கீல் கிண்டலா, 'கண்ணால பாத்தே சொல்லிடுவீங்களா'ன்னு கேட்டாராம். அண்ணன், 'கண்ணு எதுக்கு? கைய வச்சா போதும், கண்ணக் கட்டி விடுங்க'ன்னாராம். கட்டி விட்டே பாத்தாங்களாம். ஆறு சாம்பிளுக்கு ஆறும் சரி!"

காரில் திரும்பும்போது நிரஞ்சனா சும்மா வரவில்லை. "பாஸ், நான் இருபத்தாறு வருஷமா பீச்சுக்குப் போறேன். கால்ல ஒட்டினது எந்த சட்டப்படி என்னன்னு தெரியாமலே வாழ்ந்துட்டேனேன்னு கஷ்டமா இருக்கு."

"காண்ட்ராக்டுக்கு ஒரு மணல், கோர்ட்டுக்கு ஒரு மணல்," என்றார் லாசரஸ், அவள் பேச்சைக் காதில் வாங்காமல். "தொழுகைக்கும் சட்டம் உண்டே நிரூ. அதுல மணலுக்கு என்ன விளக்கம்?"

"நீங்க கத்தோலிக்கு, நான் இந்து. நல்ல ஆளுங்கதான் யோசிக்கறோம்."

"அதான் தெரிஞ்சவரைக் கேக்கப் போறோம்."

டன்லப் தெருப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஹஸ்ரத் ஒருவர் யூசுப்பின் நெடுநாள் சிநேகிதர். கேள்வியைக் கேட்டதும் திருப்பி ஒரு கேள்வி போட்டார்.

"எந்த மத்ஹபுக்குக் கேக்கறீங்க? சட்ட வழி நாலு இருக்கு. நம்ம தமிழ் ஆளுங்கள்ல ரெண்டு. ஷாஃபின்னா மண்ணு வேணும், தட்டினா கையில தூசி ஒட்டணும். தூசி கலந்த மணலா இருந்தாலும் ஆகும். அலசி எடுத்து தூசியே இல்லாத மணல்னா செல்லாது. ஹனஃபிக்குத் தூசி கட்டாயமில்ல. மணலோ கல்லோ, பூமியோட இனமா இருந்தா போதும்."

"யூசுப் எந்த வழி?"

"காயல்பட்டினத்துக் குடும்பம். ஷாஃபி. அதுல ரொம்பக் கறார்."

"மருமகன்?"

"அர்ஃபான் உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. ஹனஃபி. அதுவும் சரியான வழிதான், தப்பா எடுத்துக்காதீங்க. யூசுப் காக்காவே சொல்லுவார், மாப்பிள்ளை வழிய மாத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லன்னு."

தெருவில் இறங்கியதும் நிரஞ்சனா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு நிமிஷம் பாஸ். அர்ஃபான் டின்ன மாத்திக் கொட்டியிருக்கலாம்லா? கிழவரும் போனாப் போகுதுன்னு அதுலயே கை வச்சிருக்கலாம். வக்கீல் இப்படித்தான் கேப்பான்."

"கண்ணக் கட்டினாலும் கை வச்சே பேர் சொன்ன மனுஷன். கறாரான ஷாஃபி. கைக்கெட்டற தூரத்துல துணிப்பையில சரியான மண்ணு. அவர் செல்லாத மணல்ல கை வச்சு முகத்தைத் தடவுவாரா?"

நிரஞ்சனா யோசித்தாள். அவளுடைய முகத்தில் இருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது. "அப்ப அந்தத் தட்டுல இருக்கற கை?"

"யூசுப்போடது இல்ல. தட்டு வச்சப்ப யூசுப்புக்கு மண்ணும் தேவைப்படல, மணலும் தேவைப்படல." லாசரஸ் கார்க் கதவைத் திறந்தார். இந்த வழக்கில் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி நேராக அவளுடைய படுக்கையறைக்குப் போனது. "நாளைக்குக் காலையில அவங்க பிளாக்குக்குக் கீழ கோப்பிக்கடையில போய் உட்காரு. சனிக்கிழமை அர்ஃபானப் பாத்தவங்க இருப்பாங்க."

*

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அர்ஃபான் வீட்டில் இருந்தான். வாட்டசாட்டமான ஆள், நாற்பது வயது, பேச்சில் பணிவு. லாசரஸுக்குத் தானே தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஜைனப் சமையலறை வாசலில் நின்றாள்.

"எல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேன் சார். மாமா நல்லாத்தான் இருந்தார். ஐ கிவ் ஹிம் த ட்ரே, அவர் பிஸ்மில்லா சொன்னார், கை வச்சார், தொழுதார். ஜைனப் கொஞ்சம் லேட். அவ மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. யாருக்கும் நடக்கலாம்."

மன்னிக்கிறானாம்! லாசரஸுக்கு அந்தத் தண்ணீரை அவன் மூஞ்சியிலேயே ஊற்றலாம் போல் வந்தது. ஊற்றவில்லை. அறைக்குள் போய் இரண்டு டின்களையும் எடுத்துவந்து மேசை மேல் வைத்தார்.

"இதுல எதை எடுத்துக் கொட்டினீங்க?"

அர்ஃபான் வலது பக்கத்து டின்னைக் காட்டினான். "இது. க்ளீனா இருந்துச்சு. இன்னொண்ணு ஒரே அழுக்கு மண்ணு. தொழுகைக்கு சுத்தமானதுதானே வேணும்? எங்க தாத்தா ஆஸ்பத்திரியில இருந்தப்ப மணல்லதான் செய்வார்."

"மேல என்ன எழுதியிருக்கு, படிங்க."

அர்ஃபான் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காதோரம் சிவந்தது. "நான் ஸ்கூல்ல மலாய் எடுத்தவன் சார். தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது."

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. நிரஞ்சனா வந்தாள், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவளிடம் ஒரு ஜோக் தயாராக இருக்கும். இன்று இல்லை.

"பாஸ், கீழ தண்ணிக் கடை ஆன்ட்டிக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சனிக்கிழமை பதினொன்றரைக்கு வந்து உட்கார்ந்திருக்கார். கூட்டாளிங்களோட பரோட்டா, மூணு கிளாஸ் தே தாரிக். ஒரு மணிக்குத்தான் மேல போனாராம். ரொம்ப நேரம் சிரிச்சுப் பேசிட்டிருந்தாருன்னு சொன்னாங்க."

ஜைனப் திறந்துவிட்ட யூசுப்பின் அறைக்கதவு அப்படியே திறந்து கிடந்தது. ஆக்சிஜன் இயந்திரம் இருந்த இடத்தில் சுவரில் வெறும் பிளக் ஓட்டை. அர்ஃபான் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்து நிமிஷம்னு நினைச்சுத்தான் போனேன்," என்றான் கடைசியில். "அவர் தூங்கிட்டிருந்தார். மேல வந்தா மெஷின் நின்னு கிடக்கு. மாமா கை சில்லுனு ஆயிடுச்சு. நான்... சேஃப்டிக்காரன் சார். நான் பாத்துக்கலன்னு தெரிஞ்சா வேலை போயிடும், இவ முகத்துல எப்படி முழிப்பேன்? லுஹர் வரைக்கும் இருந்தாருன்னு ஆயிட்டா, அப்புறம் நடந்ததுக்கு யாரும் என்னைக் கேக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. அதான் தட்டுல கொட்டி என் கையையே பதிச்சு வச்சேன். ஜைனப் சீக்கிரம் வந்துடுவான்னுதான் நினைச்சேன், அல்லா மேல சத்தியமா. அவ வந்து பாத்து, நோயாளி போயிட்டார்னு முடிஞ்சிடும்னு... அவ லேட்டாவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சப்புறம்?" என்றார் லாசரஸ். "பதினோரு நாள் இருந்துச்சே."

அர்ஃபான் மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தான்.

லாசரஸ் வாசல் பக்கம் திரும்பினார். ஜைனப் அழுவாள், கத்துவாள், மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்து இரண்டடி முன்னால் போனார். அவள் அப்படியே நின்றாள். அந்த முகத்தில் அதிர்ச்சி என்று ஒன்றைத் தேடினார், கிடைக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐந்து வேளையும் தன் கையால் மண் கொட்டி அள்ளியவள் இவள். அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டியவளும் இவள்தான்.

"உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"அன்னிக்கே தெரியும் சார். ஆம்புலன்ஸ்காரங்க வாப்பாவப் பாத்துட்டிருந்தப்ப நான் தட்டப் பாத்தேன். வாப்பா அதுல கை வைக்கமாட்டார்." "எனக்குத் தெரிஞ்சது தப்பா இருக்கணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். வேற ஏதாவது காரணம் கண்டுபிடிச்சுக் குடுப்பீங்கன்னு நினைச்சேன். நான் செஞ்ச தப்புன்னு ஆயிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு."

நிரஞ்சனா கோப்பிப் பையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஜைனப்," அர்ஃபான் எழுந்தான். "எனக்குப் பயம்..."

"பயந்தது புரியுது. அதை மன்னிச்சிருப்பேன். அன்னிக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். அண்ணன் என்னைக் கொலைகாரின்னு எழுதினப்ப, நீங்க பக்கத்துல உட்கார்ந்து என் தலையத் தடவிக் குடுத்தீங்களே. அந்தக் கைய என்ன செய்யச் சொல்றீங்க?"

அவள் மேசைக்கு வந்தாள். இடது பக்கத்து டின்னைத் தொட்டாள். "இதுல எழுதியிருக்கறது, 'மண். எனக்கு.' அவ்வளவுதான்." பிறகு மற்ற டின்னை எடுத்து, மூடியை அவன் பக்கம் திருப்பி, படிக்கத் தெரியாதவனுக்குப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது போல் ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து வாசித்தாள்.

"'மணல். மாப்பிள்ளைக்கு. அவர் வழிக்கு இதுதான் சௌகரியம். கை குணமாகும் வரை.'"

அர்ஃபான் விளங்காமல் பார்த்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பைக்ல விழுந்து கை உடைச்சுக்கிட்டீங்களே, கட்டுப் போட்டு தண்ணி படாம இருந்தீங்களே, அப்ப வாப்பா ஜூரோங் வரைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தது. நீங்க கேட்டா குடுக்கலாம்னு அலமாரியில வச்சிருந்தார். நீங்க அப்ப தொழவும் இல்ல, கேக்கவும் இல்ல. கட்டாயப்படுத்தாத, அவரா வரட்டும்னு சொல்லிட்டார் என்கிட்ட." அவள் மூச்சு வாங்கினாள். "பன்னெண்டு வருஷம் ஒரே வீடு. என் வாப்பா எதுல கை வைப்பார்னு ஒரு நாள் திரும்பிப் பாத்திருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க."

அர்ஃபான் நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. லாசரஸ் மணியைப் பார்த்தார்; போலீஸ் நிலையத்துக்கு அவனாகவே வருவது அவனுக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது. அதை மெதுவாகவே சொன்னார். அவன் தலையாட்டினான், எழுந்தான், செருப்பைத் தேடினான்.

ஜைனப் அறைக்குள் போனாள். தட்டோடு வந்தாள். இரண்டு உள்ளங்கையும் பதிந்திருந்த அந்த மணலை ஒரு மணி சிந்தாமல் டின்னில் கொட்டினாள். மூடியை அழுத்தி மூடி, வாசலில் நின்றவனிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள். "வாப்பா உங்களுக்குன்னு வச்சது."